முடிச்சாச்சுக்காரர்

உலகத்தில் புத்தகம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், படிக்காதவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாலும் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. படிக்கிறவர் ஒரு மூலையில் சத்தம் போடாமல் கிடப்பார். படிக்காதவர் தன் பிழைப்பைப் பார்ப்பார். தொந்தரவெல்லாம் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறதே, அதனால்தான். அவர்கள் புத்தகத்தை முடிக்கிறவர்கள்.

படிப்பது வேறு, முடிப்பது வேறு ஐயா. சாப்பிடுவதும் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதும் ஒன்றா?

வாயைத் திறந்ததும் இவர்களைக் கண்டுபிடித்துவிடலாம். படிக்கிறவரிடம் கேட்டால், "படிச்சிட்டு இருக்கேன்" என்பார். இவரிடம் நீங்கள் கேட்கவே வேண்டாம், அவராகவே "முடிச்சாச்சு" என்பார். கவனியுங்கள், "முடிச்சேன்" இல்லை, "முடிச்சாச்சு". வீட்டுக் கடனை முடிச்சாச்சு, மூத்தவள் கல்யாணத்தை முடிச்சாச்சு, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி முடிச்சாச்சு என்கிற வரிசையில் வருகிற முடிச்சாச்சு அது. பாரம் இறங்கிவிட்டது, இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

உதாரணத்துக்கு ஒரு கண்ணாடிக்கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். மூக்குக் கண்ணாடி விற்கிறவர். நீளவாக்கில் ஒரு கடை. முன்னால் கண்ணாடிக் கவுண்டர், அதற்குள்ளே காலை மடக்கிப் படுத்திருக்கும் பிரேம்கள். பின்னால் லென்ஸ் தேய்க்கிற மெஷின், சுவரில் மேலே பெரிதாக ஆரம்பித்துக் கீழே எறும்பாகிப் போகிற எழுத்துப் பலகை. தொழில் சுத்தமான மனுஷன். கோணிப்போன பிரேமைச் சூடு காட்டி இரண்டு விரலால் நிமிர்த்திப் போட்டுவிட்டாரானால், மூக்கிலேயே முளைத்தது மாதிரி உட்காரும். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறையெல்லாம் கவுண்டரின் வலது ஓரத்தில் இருக்கிறது. அவர் கடைசியாக முடித்த புத்தகம் அங்கேதான் கிடக்கும். பெயர் அவரைப் பார்த்து இருக்காது, வருகிறவரைப் பார்த்து இருக்கும்.

கழன்ற திருகாணி ஒன்றை முடுக்கிக்கொள்ளலாம் என்று நீங்கள் வருகிறீர்கள், அவசரமாக வருகிறீர்கள், வெளியே வண்டியை அணைக்காமல் நிறுத்திவிட்டு வருகிறீர்கள், அவர் உங்கள் கண்ணாடியை வாங்கிக் கையில் வைத்துக்கொள்கிறார், அது அவர் கையில் இருக்கிறவரை உங்களால் நகர முடியாது, நகர்ந்தாலும் வாசற்படி எங்கே இருக்கிறது என்று தெரியாது, அந்த நேரம் பார்த்து மெதுவாக, திருகாணியைத் தேடுகிற பாவனையில் கேட்பார்:

"இது படிச்சிருக்கீங்களா?"

படிக்கவில்லை என்றால் சொல்லுவார். படித்திருக்கிறேன் என்றாலும் சொல்லுவார். மாட்டினீர்கள்.

"ஆரம்பம் அபாரம். நடுவுல கொஞ்சம் இழுவை. முடிவுல தூக்கி நிறுத்திட்டார்."

எந்தப் புத்தகமானாலும் இதே மூன்று வாக்கியம்தான். போர்க்களத்துக் கதையா, ஆரம்பம் அபாரம். தேனீ வளர்ப்பா, நடுவில் இழுவை. லென்ஸ் தேய்க்கிற மெஷினோடு ஒரு விளக்கக் கையேடு வந்தது. அதையும் அவர் விடவில்லை. "எச்சரிக்கையோட ஆரம்பிக்கிறான், பயமாத்தான் இருக்கு. கடைசியில உத்தரவாதம்னு ஒண்ணு வருது பாருங்க, அது மனசுல நிக்குது" என்று பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் சொன்னார். மெஷினின் வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும் என்பது கையேட்டின் நடுவில் இருந்தது. மெஷின் அடைத்துக்கொண்டு நின்றது. "தயாரிப்பு சரியில்ல" என்றார்.

அவருடைய வித்தையை இப்போது சொல்லிவிடலாம், ஒளிக்க என்ன இருக்கிறது. எந்தப் புத்தகத்தையும் முதலில் நன்றாகவே படிப்பார். வேகம் குறைந்ததும் கடைசிக்குப் போய்விடுவார். கடைசியையும் நன்றாகவே படிப்பார். மூக்கில் போட்டிருப்பது இரட்டை லென்ஸ் கண்ணாடி. மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி கிட்டத்துக்கு. நடுவுக்கு அதில் இடமே கிடையாது. பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். நடுப்பகுதி இழுவை என்று மனசார நம்புகிறார். இழுவையாக இல்லாவிட்டால் தான் ஏன் அதைத் தாண்டி வந்திருக்கப் போகிறோம்? நியாயம்தானே?

எப்போதாவது கொஞ்சம் இடறும். ஒரு டீச்சரம்மா கண் பரிசோதனைக்கு வந்தவர், கவுண்டரில் கிடந்த நாவலைப் பார்த்துவிட்டு, "நானும் படிச்சேன் சார். அந்தப் படகு கவுந்து அவ போய்ச் சேர்றது ரொம்ப நாள் மனசை அறுத்துச்சு" என்றார்.

நம்மவருக்குப் படகும் தெரியாது, அவளும் தெரியாது. ஒரு கணம்தான். லென்ஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "அவ போயிட்டாளா இல்லையாங்கறதையே ஆசிரியர் நம்மகிட்ட விட்டுட்டார்னு எனக்குப் பட்டுது" என்றார்.

"உடம்பு கரையில ஒதுங்குதே சார்?"

"ஒதுங்குது. ஆனா அது அவ உடம்புதானா?"

டீச்சரம்மா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் முழுப் புத்தகத்தையும் மறுபடி படித்தார். அது அவள் உடம்புதான். ஆனால் அதற்குப் பிறகு கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தாலே ஒரு மரியாதையோடு விலகிப் போகிறார். இப்படித்தான் இவர்களுக்குப் பேர் வளர்கிறது.

இந்தப் பேரை நம்பி ஓர் ஆள் இருந்தான். அவர் மச்சினன். பெண்டாட்டியின் தம்பி. லிப்ட் மெக்கானிக். கையில் எப்போதும் கிரீஸ், மூக்கில் அத்தான் மாட்டிவிட்ட கண்ணாடி. அத்தான் ஒரு புத்தகத்தை வேண்டாம் என்றால் இவன் வாங்க மாட்டான், சரி என்றால் சம்பளத்தன்றே வாங்கிவிடுவான். வாங்கி, பாவம், முழுசாகப் படிப்பான்.

இப்படிப் படித்துப் படித்து அவனே ஒரு நாவல் எழுதிவிட்டான். பதிப்பாளர் ஒருத்தர் ஒத்துக்கொண்டு அச்சுக்கும் தயாராகிவிட்டது. அச்சுக்கு முந்திய தாள்களைச் சுருள் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்கு வந்தான். அக்கா ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறவள். அதிகம் பேச மாட்டாள், வாயைத் திறப்பதற்கு மற்றவர்கள் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டவள். எழுதும்போதே அவன் அவளிடம் ஓர் அனுமதி கேட்டிருந்தான். நாவலின் நடுவில் ஓர் அக்கா வருகிறாள், அவள் கல்யாணக் கதை வருகிறது, கொஞ்சம் அந்தரங்கமான சங்கதி, எழுதலாமா என்று. அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"எழுது. நானா வாய்விட்டு இனிமே அவர்கிட்ட சொல்லப் போறதில்ல. படிச்சாவது தெரிஞ்சுக்கட்டும்."

ஆக, அந்தக் கட்டு வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவள் காத்திருந்தாள். புருஷன் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். அவர் பெருமூச்சு விட்டால் நிமிர்வாள். அவர் பெருமூச்சு விட்டது விசிறி ஓடாததால்.

ஒரு நாள் சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"முடிச்சாச்சு."

அவள் குழாயை மூடினாள். "எப்படி இருக்கு?"

இத்தனை வருஷத்தில் அவள் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்காமலே வருவதை எதற்குக் கேட்பது? அங்கேயாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"உன் தம்பி பரவாயில்ல. ஆரம்பம் அபாரம். லிப்ட் பாதியில நின்னு எல்லாரும் மாட்டிக்கிறாங்களே, எனக்கே மூச்சு முட்டிப் போச்சு. முடிவுல தூக்கி நிறுத்திட்டான்."

"நடுவுல?"

"நடுவுல கொஞ்சம் இழுவை."

"இழுவையா?"

"இழுவைதான். அதை எடுத்துட்டா சிக்குனு இருக்கும்."

அவள் துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தாள். "சரி" என்றாள். அவரும் அவள் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்காரரிடம் சொல்லப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அத்தான், அக்கா சொன்னா. இழுவையா இருக்காமே. எந்த இடம்னு காட்டினீங்கன்னா நல்லா இருக்கும்."

முடிச்சாச்சுக்காரரிடம் இதைக் கேட்கலாமா? பாம்பாட்டியிடம் பாம்பைப் பிடித்துக்காட்டு என்று யாராவது சொல்கிறோமா, மகுடி ஊதுவதோடு விட்டுவிட வேண்டாமா? அவர் தன் கண்ணாடியைக் கழற்றி, தோல் துணியால் ஒரு பக்கம் துடைத்தார், மறுபக்கம் துடைத்தார். அந்த அவகாசத்தில் ஒரு வழி கிடைத்துவிட்டது.

"அதான் மாப்ளே, நடுவுல ஒருத்தர் வர்றாரே."

எந்த நாவலின் நடுவில் யாரும் வராமல் இருக்கிறார்கள்?

மச்சினன் மெல்ல, "ஆமா, வர்றாரு" என்றான்.

"அவர் எதுக்கு? கதைக்கு ஒட்டல. பேசிக்கிட்டே இருக்கார்."

"பேசிக்கிட்டேதான் இருப்பாரு அத்தான். அவரு அப்படித்தான்."

"அப்படிப்பட்ட ஆளோட யார் மாரடிக்கிறது? வாசகனுக்குப் பொறுமை வேணும்ல. எடுத்துடு."

"எடுத்துட்டா உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன வருத்தம்? தாராளமா எடு."

மச்சினன் நாற்காலி நுனியிலிருந்து எழுந்தான். "உங்களுக்குப் பெரிய மனசு அத்தான்" என்றான். பெரிய மனசு எதில் என்று நம்மவர் யோசிக்கவில்லை. பாராட்டு வந்தால் எதற்கு என்று கேட்பது அந்த இனத்தில் வழக்கமில்லை. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றையிலிருந்து வீட்டில் எல்லாம் சரியாக நடந்தது. சோறு நேரத்துக்கு வந்தது, சட்டை மடிப்புக் கலையாமல் வந்தது, கேட்டதற்குப் பதில் வந்தது, கேட்காததற்கு ஒன்றும் வரவில்லை. கல்யாணமானவர்களுக்குத் தெரியும், ஒரு வீட்டில் எல்லாம் இவ்வளவு சரியாக நடந்தால் ஏதோ சரியில்லை. அவருக்கும் தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

தெரியவைத்தது ஒரு போன். கடையில் ஒரு பிரேமுக்கு மூக்குத்தாங்கி மாற்றிக்கொண்டிருந்தார்.

"அத்தான், அந்தக் கண்ணாடிக்கடை அத்தியாயம் ரெண்டையும் எடுத்துட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் அச்சுக்கு அனுப்பறேன். சொல்லிடலாம்னுதான்."

"எந்தக் கண்ணாடிக்கடை?"

"நம்ம கடைதான் அத்தான். நடுவுல வர்றவரை எடுக்கச் சொன்னீங்களே."

"ஆங். நம்ம கடை. ஆமாமா. சரி மாப்ளே."

போனை வைத்தார். 'மூடியிருக்கிறது' என்கிற அட்டையைக் கதவில் திருப்பி மாட்டினார். கவுண்டரின் வலது ஓரத்தில் கிடந்த மச்சினனின் தாள்கட்டை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு புத்தகத்தின் நடுவைப் பிரித்தார்.

அப்பாவை இழந்த ஒரு பையன், அவனுடைய அக்கா. பையனுக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது. அக்கா அவனை ஒரு கண்ணாடிக்கடைக்குக் கூட்டிப் போகிறாள். மச்சினன் இப்படி எழுதியிருந்தான்:

'கடைக்காரர் என் கண்ணைப் பார்த்ததைவிட அக்காவிடம் பேசியதுதான் அதிகம். ஏதோ ஒரு கதை சொன்னார், அதன் முடிவையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ஐயோ சொல்லியிருக்கக் கூடாதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.'

அவர் பக்கத்தைத் திருப்பினார். தாவவில்லை.

'ஒரு வாரத்தில் என் கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் நிமிர்த்திக் கொடுத்தார், பேசினார். மறு வாரமும் கோணிக்கொண்டது. மறுபடி போனோம். நான் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் அது கோணியது. ஒரு மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து அக்கா என் கண்ணாடியை எடுத்தாள். இரண்டு கையாலும், அதற்கு நோகாத மாதிரி, மெல்ல வளைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.'

கண்ணாடிக்கடைக்காரர் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விருந்தாளி யார் வந்தாலும் அவர் சொல்கிற கதை ஒன்று உண்டு. "அந்தக் காலத்துல பிரேம் தரமே கிடையாது. இவ தம்பி கண்ணாடி ஒண்ணை நான் எத்தனை தடவை நிமிர்த்தினேன் கேளுங்க. ஒரு பிரேம் இப்படியா கோணும்?" அவர் சொல்லும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். பிரேமைப் பற்றித் தான் சொல்வதை அவளும் ஆமோதிக்கிறாள் என்று நினைத்திருந்தார்.

அதைத்தான் இழுவை என்று சொல்லியிருந்தார். அவளிடமே.

எடுத்ததைத் திரும்ப வைக்கச் சொல்ல வேண்டும். சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ஒரு சொல்தான் தேவை: படிக்கல. இந்த இனத்து ஆளிடம் கடைச் சாவியைக் கேளுங்கள், யோசித்துக் கொடுப்பார். இந்தச் சொல்லை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

போனில் சமாளிக்கிற சங்கதி இல்லை, நேரிலேயே கிளம்பினார். மச்சினன் ஓர் உயரமான கட்டடத்தில் லிப்டைப் பிரித்துப் போட்டிருந்தான். ஆகவே படி. ஏறுகிற வழியெல்லாம் அவர் அந்தச் சொல்லுக்குப் பதிலாக வேறு சொல் தேடிக்கொண்டே ஏறினார். உச்சிக்கு வந்தபோது மூச்சு இல்லை, ஆனால் சொல் கிடைத்திருந்தது.

மோட்டார் அறையில் மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். "லிப்ட் ஓடலையே அத்தான், எப்படி வந்தீங்க?"

"நீதானே நிறுத்தி வெச்சிருக்கே. எப்படி வருவேன்?" ஒரு கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். "அந்த ரெண்டு அத்தியாயம் இருக்கட்டும் மாப்ளே. மறுவாசிப்பு பண்ணேன். ரெண்டாவது தடவை படிக்கறப்போதான் அதோட ஆழம் புரியுது."

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. வேண்டாம் அத்தான். முதல்ல சொன்னதுதான் சரி. நானும் படிச்சுப் பார்த்துட்டேன், அந்த ஆள் பேசிக்கிட்டேதான் இருக்காரு."

"பேசினா பேசட்டுமே."

"வாசகனுக்குப் பொறுமை வேணும்னீங்க."

"வாசகன் கெடக்கறான்."

"கதைக்கு ஒட்டலன்னீங்க."

"படிக்காம சொன்னேன்டா."

மச்சினன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். "எதை?"

"நடுவுல." அவர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உன்னுதை மட்டும் இல்ல. எதுலயுமே படிச்சதில்ல."

"அப்போ அது நீங்கதான்னு தெரியாமலா எடுக்கச் சொன்னீங்க?"

"தெரியாமத்தான்."

"நான் உங்களுக்குப் பெரிய மனசுன்னு சொன்னேனே."

"திருப்பி எடுத்துக்கோ."

மச்சினன் பழந்துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "நீங்க சொன்னீங்கன்னு நான் வாங்காம விட்ட புத்தகம் எவ்வளவு இருக்கும் தெரியுமா?"

"எல்லாத்தையும் வாங்கு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அவன் போனை எடுத்து, அச்சுக்காரரிடம் பழையபடியே போகட்டும் என்று சொல்லிவிட்டு, அத்தானைப் பார்த்தான். "அவரு பேச்சை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கவா?"

"கொஞ்சம் குறை" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

வீட்டுக்கு வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டின் நடுவில் விரலைக் கொடுத்துப் பிடித்தபடி நின்றார். அவள் அந்த விரலைப் பார்த்தாள்.

"தம்பி அதை எடுத்துட்டானாமே" என்றாள், துணியைப் பார்த்துக்கொண்டு.

"திரும்ப வெச்சுட்டான்."

"ஏன்? இழுவைன்னுதானே முடிச்சீங்க."

"முடிக்கல. நடுவுலதான் இருக்கேன்."

அவள் கை நின்றது. "நடுவுலன்னா, எது வரைக்கும்?"

எத்தனையோ புத்தகத்துக்கு அபிப்பிராயம் சொன்னவர், விரல் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டார்.

"தம்பி தூங்கற மாதிரி படுத்திருக்கான்" என்றார். "நீ கண்ணாடியைக் கையில வெச்சிருக்கே."

அவள் காது மடல் சிவந்துபோனது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் குவிந்திருந்த துணியை வாரி எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, காலியான நாற்காலியை அவர் பக்கம் காலால் தள்ளினாள்.

"உக்காந்து படிங்க" என்றாள். "அவசரம் ஒண்ணும் இல்ல."

சரி, அவர் படிக்கட்டும். உங்கள் சங்கதிக்கு வருவோம். உங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் வரி விடாமல் படிக்கிறவர், அப்படித்தான் நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். இதைப் படித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நாக்கு துறுதுறுக்கிறது, சொல்லுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் எங்கே ஆரம்பித்து, எங்கெங்கே தாவி, இந்தக் கடைசி வரிக்கு வந்து சேர்ந்தீர்கள் என்பது உங்களுக்கும் உங்கள் கட்டைவிரலுக்கும் மட்டும்தான் தெரியும்.